பிரித்துப் பார்க்கக் கிடைத்த இசை

1987-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா என்ற வீட்டுக் கணினிக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளை எழுதினார். கணினி விளையாட்டுகளுக்கு இசையமைக்கப் பிறந்த கருவி அது. கடையில் பெரிதாக விற்கவில்லை. ஆனால் அதைப் பிரித்து, திருத்தி, மேம்படுத்திய இளைஞர்களின் கையில் 'டிராக்கர் இசை' என்றொரு துறையே கிளைத்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வீட்டுக் கணினி நுழைந்திருந்தது. ஐரோப்பாவில் பாட்டோடு அதைக் கட்டிய விதமும் சேர்ந்து பரவியது. நம்மிடம் பாட்டு மட்டுமே பரவியது. இந்த வேறுபாட்டை நம் இசை எழுத்து இதுவரை போதிய அளவு பேசவில்லை.

கருவியின் உள்ளே

டிராக்கருக்கு முன்னோடி, 1982-இல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினி. அதன் 'சிட்' சில்லில் மூன்றே குரல்கள். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றோர் அந்த மூன்றைக் கொண்டே விளையாட்டு இசைக்குத் தனி இலக்கணம் வகுத்தார்கள். 1986-இல் கிறிஸ் ஹூல்ஸ்பெக் தன் 'சவுண்ட் மானிட்டர்' நிரலை ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வெளியிட்டார். வாசகர்கள் அச்சிட்ட நிரலைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்துகொண்டார்கள்.

அமிகா வந்தபின் நிலைமை மாறியது. அதன் 'பாலா' சில்லு நான்கு தடங்களில் பதிவுசெய்த உண்மையான ஒலித்துண்டுகளை வாசித்தது. திரையில் நான்கு பத்திகள் மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஸ்வரம், அதை வாசிக்கும் கருவியின் எண், ஒலியை வளைக்கும் ஒரு கட்டளை. 64 வரிசைகள் சேர்ந்தால் ஒரு பகுதி. அதன் எடை 1,024 பைட். இப்படிப் பல பகுதிகளை அடுக்கினால் பாட்டு.

'மாட்' எனப்படும் அந்தக் கோப்பில் ஸ்வரக் குறிப்பும் கருவிகளின் ஒலியும் ஒன்றாகவே இருந்தன. முன்பின் தெரியாத ஒருவரின் பாட்டைத் திறந்து, ஒரு தடத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, தாளம் எங்கே பிறக்கிறது, தடம் போதாத இடத்தில் என்ன தந்திரம் செய்திருக்கிறார் என்று பார்த்துவிடலாம். ஆசிரியர் இல்லாத ஊரிலும் பாட்டே ஆசிரியராக நின்றது.

1994-இல் பின்லாந்தின் 'பியூச்சர் குரூ' குழுவிடமிருந்து ஸ்கிரீம் டிராக்கர் 3, ஸ்வீடனின் 'டிரைட்டன்' குழுவிடமிருந்து பாஸ்ட் டிராக்கர் 2, மறுஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம்மிடமிருந்து இம்பல்ஸ் டிராக்கர் எனச் சாதாரண பி.சி.க்கும் இக்கருவிகள் வந்தன. 1998-இன் 'அன்ரியல்' விளையாட்டின் இசை இவ்வழியில் வந்தது. கால்வின் ஹாரிஸின் முதல் ஆல்பமும் பழைய அமிகாவில் அமைந்ததே. கணினியில் நிரல் எழுதி ஒலி-ஒளிப் படைப்புகள் செய்து காட்டுவோரின் 'டெமோசீன்' பண்பாட்டில்தான் இந்த இசை வளர்ந்தது. அந்தப் பண்பாட்டைப் பின்லாந்து 2020-லும் ஜெர்மனி 2021-லும் தம் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியல்களில் சேர்த்துக்கொண்டன.

சென்னையில் ஒரு வீட்டுக் கணினி

தமிழில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்வு 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்'. கே. பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்துக்கு இளையராஜா யமஹா சிஎக்ஸ்5எம் கணினியைப் பயன்படுத்தினார். எம்எஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்த வீட்டுக் கணினி அது. உள்ளே இசட்80 செயலி, எட்டுக் குரல் எஃப்எம் ஒலிச்சில்லு, மிடி இணைப்பு. அப்போது திலீப் என்று அறியப்பட்ட ஏ.ஆர். ரகுமான் அந்தப் படத்தின் சீக்வென்ஸர் வேலையில், அதாவது ஸ்வரங்களைக் கணினியில் வரிசைப்படுத்தி ஒலிக்கவைக்கும் வேலையில், பங்கேற்றார். 1989-இல் அவர் தன் வீட்டையொட்டி 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது.

இந்த வரலாற்றில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. உலகத் திரையிசையிலேயே வீட்டுக் கணினியை இவ்வளவு விரைவாக, இவ்வளவு கலைநயத்தோடு கையாண்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எங்களால் கேசட்டைத் தேயத்தேய ஓட்டி ஊகிக்க மட்டுமே முடிந்தது. இந்த 'பேஸ்' எப்படி நகர்கிறது, எந்த இடத்தில் எதை நிறுத்தினார் என்பதெல்லாம் கூடத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. கூடத்தில் கால் வைத்தவர்களுக்குக் கல்வி கிடைத்தது. மற்றவர்களுக்குப் பாட்டு கிடைத்தது.

கர்நாடக இசையில் எம். சுப்ரமணியன் வேறொரு வாசலைத் திறந்தார். ஸ்வரங்களைத் தட்டச்சு செய்தால் கமகத்தோடு வாசித்துக் காட்டும் 'காயகா' மென்பொருளை அவர் எழுதினார். கமகங்களைக் கணினியால் அலசி ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார். பார்த்து, திருத்தி, மறுபடி கேட்டுக் கற்கும் வாய்ப்பைத் தந்த வகையில் டிராக்கருக்கு நம்மிடம் உள்ள உண்மையான உறவு 'காயகா'தான்.

கிணத்துக்கடவுக் கணக்கு

நான் டிராக்கரைக் கற்றது கோவை மாவட்டத்துக் கிணத்துக்கடவில், தொண்ணூறுகளின் பிற்பாதியில், தெரிந்த அண்ணன் ஒருவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில். பிளாப்பியில் வந்த பாடல்களைத் திறந்து பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த பாடம். கட்டங்களைப் பார்த்ததுமே கை தானாகத் தாளம் போட்டது. 64 வரிசை என்பது ஆதி தாளத்துக்குச் சரியாகப் பொருந்தும்: அட்சரத்துக்கு எட்டு வரிசை, எட்டு அட்சரம், ஓர் ஆவர்த்தனம். தொடக்க வேகத்தில் ஒரு வரிசைக்கு 0.12 விநாடி, ஆவர்த்தனம் 7.68 விநாடியில் முடியும். மிஸ்ர சாபு வேண்டுமானால் 56-ஆவது வரிசையில் பகுதியை முறித்து அடுத்ததற்குத் தாவலாம். திஸ்ர நடைக்கு அட்சரத்துக்கு ஆறு வரிசை வைத்து 48-இல் முறிக்கலாம். பழைய மாட் வடிவத்தில் இருந்த 36 ஸ்வரங்களும் மூன்று ஸ்தாயி, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம் என்று நமக்குப் பழகிய கணக்கிலேயே அமைந்தன.

ஆனால் கமகம் இடறியது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கட்டளை ஜாருவுக்கு ஓரளவு உதவும். அதிர்வுக் கட்டளையோ ஒரே சீரான அலையைத்தான் தரும். தோடியின் காந்தாரம் அப்படி ஆடாது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அது ஏறி இறங்கும் விதம் ஒவ்வொரு முறையும் வேறு. அதை எழுத வரிசைக்கு வரிசை கட்டளை போட வேண்டும். அந்த உழைப்பால்தான் கமகத்தின் உள்ளமைப்பு எனக்குப் புரியத் தொடங்கியது.

இன்னொரு குறை, ஒலித்துண்டுகள். சுற்றில் இருந்த வட்டுகளில் மேற்கத்திய சிந்தசைசரும் டிரம்ஸும்தான் நிறைந்திருந்தன. எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பியில் அதிரும் துடும்பு, ஜமாப், உருமி எதுவும் இல்லை. மைக்கைப் பிடித்து நாங்களே பதிய வேண்டியிருந்தது. உருமியின் தேய்ப்பொலி எட்டு பிட்டில் பாதி செத்தே வந்தது. இருந்தாலும் நம் ஊர் வாத்தியம் நம் ஊர்க் கணினியில் ஒலித்தது.

செய்ய வேண்டியது

அந்தக் காலத்துத் தடைகள் இன்று இல்லை. மில்கி டிராக்கர், ஓபன்எம்பிடி போன்றவை இலவசம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியே மில்கி டிராக்கருக்குத் தாராளம். பறை, தவில், உருமி, துடும்பு ஆகியவற்றின் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு, உரிய ஊதியம் கொடுத்து, நல்ல தரத்தில் பதிந்து எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். இசைக் கல்லூரிகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் ஏற்க வேண்டிய வேலை இது.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. கொங்குப் பகுதியின் மெல்லிசைக் குழுக்களில் வாசித்த கீபோர்டு கலைஞர்கள் பலரிடம் எண்பது, தொண்ணூறுகளின் பிளாப்பிகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கைப்பட அமைத்த தாளங்களும் பின்னணிகளும் அவற்றில் இருக்கின்றன. காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய கீபோர்டுப் பெட்டியிலோ அப்படி ஒன்று இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பிளாப்பி டிரைவ் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து நகலெடுங்கள். யார் வாசித்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கூடவே எழுதி வையுங்கள்.