கலராப் போடுங்க: திருத்தப்படும் படங்களும் நம் முகங்களும்

தமிழில் 'கலர்' என்ற சொல்லுக்கு வெள்ளை என்று பொருள். 'பொண்ணு நல்ல கலரு' என்றால் யாரும் என்ன கலர் என்று கேட்பதில்லை. கருப்பு, கலர் கணக்கிலேயே சேராது. கருப்பாய்ப் பிறந்த பிள்ளையைக்கூட 'மாநிறம்' என்று மழுப்பித்தான் தரகரிடம் சொல்கிறோம். இந்தச் சொல்வழக்கு இன்று செல்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. படம் எடுத்ததும் 'பியூட்டி' என்று ஒரு பொத்தான். விரலால் தள்ளத் தள்ள முகம் வெளுக்கிறது, தோல் வழவழக்கிறது, மூக்கு சிறுக்கிறது. சில போன்கள் நாம் கேட்காமலேயே இதைச் செய்து கொடுக்கின்றன. யாருடைய முகத்தை மாதிரியாக வைத்து இந்த அழகு கட்டமைக்கப்பட்டது? ஒரு நாவலை வாசிப்பதுபோல இந்தச் செயலிகளையும் பிரதியாக வாசிக்கணும். அதுதான் இக்கட்டுரையின் வேலை.

காமிரா நம்மிடம் நல்லெண்ணத்தோடு வந்து சேரவில்லை. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகளை வெள்ளை அரசு வெளியிட்டது. சாதி சாதியாக, இனம் இனமாக நிறுத்திப் படம் பிடித்த தொகுதிகள் அவை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களை நிறுத்தி மண்டையையும் மூக்கையும் அளந்தார். அவருடைய ஏழு தொகுதி நூல் 1909இல் வந்தது. அன்று மூக்கை அளந்தார்கள், இன்று போன் அதே மூக்கைச் சுருக்குகிறது. எது சரியான மூக்கு என்கிற முடிவு மட்டும் இரண்டு காலத்திலும் நம் கையில் இல்லை.

பிலிமிலும் இதே கதைதான். கோடாக் கம்பெனி, படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அளவுகோல் அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே 'ஷெர்லி' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கருப்பு முகம் மை அப்பினதுபோல வந்தால், அது முகத்தின் குற்றமாகிவிடும். ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார்: பிலிம் கருமையைச் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே கோடாக் அசைந்து கொடுத்ததாம். மனுசன் கேட்டு அசையாதவன் மேசை நாற்காலிக்கு அசைந்தான். 1970இல் போலராய்ட் நிறுவனத்தின் இரண்டு கருப்புத் தொழிலாளர்கள், கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும், தங்கள் நிறுவனத்தின் காமிரா தென்னாப்பிரிக்காவில் கருப்பர்களின் அடையாளப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பயன்படுவதைக் கண்டுபிடித்துப் போராடினார்கள். 1977இல் நிறுவனம் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

பிலிம் போய் கணினி வந்தும் ஷெர்லி போகவில்லை. 2017இல் 'ஃபேஸ்ஆப்' செயலி முகத்தைக் கவர்ச்சியாக்க ஒரு வசதி தந்தது. கருப்பு முகங்களை அது வெளுக்கடித்தது. எதிர்ப்பு வந்ததும், கணினிக்குக் கற்றுக்கொடுத்த படங்களில் இருந்த சாய்வுதான் காரணம் என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2018இல் ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருத்த பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. இந்தியாவில் 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்த 'ஃபேர்' போச்சு, களிம்பு போகல.

இங்கே ஒரு மறுப்பு வரும். தோல் நிறம் வேறு, சாதி வேறு; எல்லாச் சாதியிலும் கருப்பர் உண்டே என்பார்கள். உண்மைதான். நிறத்தைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. ஆனால் 'பறையன் கருப்பு' என்று வசவாகவே ஒரு சொல்லை வைத்திருக்கிற சமூகம் இது. கொஞ்சம் வெளுப்பாய்ப் பிறந்த நம் பிள்ளையைப் பார்த்து 'உங்க ஆளு மாதிரியே தெரியலையே' என்று பாராட்டுகிறார்களே, அந்தப் பாராட்டில் இருப்பது நிறமா சாதியா?

எம்.ஏ. வகுப்பில் படித்ததை இங்கே நினைவுபடுத்தலாம். சங்கக் கவிதையில் பெண்ணின் அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறம் அது. தலைவன் பிரிந்தால் அந்த மாமையைத் தின்றுகொண்டு உடம்பில் படர்கிற வெளிறலுக்குப் பசலை என்று பெயர். அன்றைக்கு வெளிறுவது நோய், இன்றைக்குப் பொத்தானை அழுத்திப் பசலையை வரவழைக்கிறோம். சங்கப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. 'இழிசினன்' என்ற சொல்லும் அதே புறநானூற்றில்தான் இருக்கிறது. நிறத்துக்கு ஏற்றப்பட்ட மதிப்பு இயற்கை அல்ல, அது மாற்றப்பட்ட ஒன்று, இனியும் மாற்றக்கூடியது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் படத்தைத் திருத்துவதே பொய்யா? இங்கேதான் நிதானிக்க வேண்டியிருக்கிறது. எங்க பாட்டி செத்தப்போ வீட்டுல ஒரு படம் கிடையாது. வாக்காளர் அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைக் கொண்டுபோய் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். பெரிசாக்கி, பட்டுச்சேலை கட்டி, காதில் கம்மல் மாட்டி, முகத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். எங்கம்மா பாத்துட்டு, 'கம்மலு நல்லாருக்கு. ஆனா இது யாரு?'ன்னு கேட்டுச்சு.

அந்தக் கேள்வியில் ஒரு விமர்சனக் கோட்பாடே இருக்கிறது. 1930இல் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ போடக்கூடாது, ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. இந்த வரலாற்றுக்குப் பிறகு, படத்தில் வரைந்த கம்மல் பொய் அல்ல, மறுக்கப்பட்ட உரிமையின் மீதான கோரிக்கை. அம்பேத்கரின் கோட்டு நம் சுவர்களிலெல்லாம் ஏன் நிற்கிறது என்பதற்கும் இதுவே பதில். ஆனால் அதே விரல் முகத்தை வெளுக்கும்போது கோரிக்கை சரணாகதியாகிவிடுகிறது. கம்மல் கூட்டியது பாட்டிக்குச் சேர்ந்தது. வெளுத்தது பாட்டியையே எடுத்துக்கொண்டு போனது. கூட்டுவதா கழிப்பதா என்பதல்ல அளவுகோல். திருத்திய பிறகு அந்த ஆள் படத்தில் மிச்சமிருக்கிறாரா என்பதுதான்.

ஆளையே மிச்சம் வைக்காத கருவியும் வந்துவிட்டது. 2021இல் கூகுள் தன் பிக்சல் போனில் 'மேஜிக் எரேசர்' என்று ஒன்றைத் தந்தது. பின்னணியில் நிற்கிறவர்களைக் கவனத்தைச் சிதறடிப்பவர்கள் என்று அதுவே கண்டுபிடித்து, அழிக்கட்டுமா என்று கேட்கும். இப்போது இதுபோன்ற அழிப்பான்கள் பல போன்களில் உண்டு. நம் ஊர்த் திருவிழாப் படங்களில், கல்யாணப் படங்களில் பின்னணியில் நிற்பது யார்? பறையடிக்கிறவர், எச்சில் இலை எடுக்கிறவர், குப்பை கூட்டுகிற அக்கா. ஊரையும் சேரியையும் பிரித்தவனுக்கு இந்தக் கருவி புதிசில்லை.

செல்போனைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. கருவியைக் கைப்பற்றணும். காமிரா வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் முன் கருத்த முகம் நின்றால் சுவருக்காக எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வையுங்கள், அளவு முகத்துக்கு மாறும். திருத்தும்போது 'பிரைட்னஸ்' தள்ளினால் எல்லாம் சேர்ந்து வெளுக்கும். 'ஷேடோஸ்' இருண்ட பகுதியை மட்டும் திறக்கும். கருப்பு கருப்பாகவே இருக்கும், அதற்குள்ளிருக்கும் கண்ணும் சுருக்கமும் தழும்பும் தெரியவரும். 'ஸ்னாப்சீட்' செயலியில் 'செலக்டிவ்' என்பதைக் கன்னத்தில் வைத்து அங்கே மட்டும் திருத்தலாம். தோலை வழவழப்பாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். வெயிலில் உழைத்த தோலுக்கு வரலாறு உண்டு.

களத்தில் நிற்கும் தோழர்களுக்கு ஒன்று. வன்கொடுமை நடந்த இடத்தில் எடுத்த படத்தைத் திருத்தவே கூடாது. நாள், நேரம் எல்லாம் மூலக்கோப்பில் பதிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். மூலத்தை அப்படியே வைத்துவிட்டு நகலை அனுப்புங்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு நிழலை மாற்றியிருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

2017இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் பழனிகுமாரின் காமிரா மலக்குழியையும் அதில் இறங்கிய உடம்பையும் அழகாக்காமல் காட்டியது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நம்மைப் படம் எடுக்கிற வேலை இவ்வளவு காலம் அடுத்தவன் கையில் இருந்தது. இப்போது சேரியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் கையிலும் காமிரா இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் அம்மாவின் முகத்தை எந்த நிறத்தில் சேமித்து வைக்கப்போகிறது என்பதை நம் இலக்கியக் கூட்டங்களிலும் இரவுப் பள்ளிகளிலும் பேசத் தொடங்க வேண்டும்.