பாரிஸ் தெருவும் படமெடுத்தோர் கடனும்

1838-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் லூயி தாகேர் என்பார் தம் இல்லத்துச் சன்னல் வழியே கீழே தெரிந்த 'புல்வார் து தாம்பிள்' என்னும் பெருந்தெருவை வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு ஒன்றில் பதிவு செய்தார். வண்டிகளும் குதிரைகளும் மக்களும் நிறைந்த தெரு அது. ஆயினும் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி தகட்டில் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், அசைந்தவை யாவும் மறைந்துபோயின. தெருவோரத்தில் ஒரு காலை உயர்த்தி வைத்து, காலணிக்கு மெருகு போடச் செய்துகொண்டு நின்ற ஒருவர் மட்டுமே அசையாதிருந்து பதிவானார். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் அவரே எனப் பலர் கருதுவர். அவருடைய பெயர் எவருக்கும் தெரியாது.

அப்படத்தை உற்று நோக்கினால் வேறொன்றும் புலப்படும். நின்றவர் ஓரளவு தெளிவாகத் தெரிகிறார். குனிந்து அவர் காலணியைத் துடைத்தவரோ மங்கிய கறையாக மட்டுமே எஞ்சியிருக்கிறார், கைகள் ஓயாது அசைந்தமையால். இதில் எவர் குற்றமும் இல்லை. கருவியின் இயல்பு அது. எனினும், யாருடைய முகம் தெரிகிறது, யாருடைய முகம் அழிகிறது, படம் எடுப்பவர் அம்முகத்துக்கு எவ்வளவு கடன்பட்டவர் என்னும் கேள்விகள் தெருப் புகைப்படக் கலை பிறந்த நாளிலேயே உடன் பிறந்துவிட்டன. பாரிஸ் தெருக்களை நேசித்துப் படமெடுத்த நால்வரை இக்கேள்விகளோடு அணுகிப் பார்ப்பதே நம் நோக்கம்.

முதலாமவர் யூஜேன் அட்ஜே. 1857-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கப்பலில் வேலை செய்து, நாடக மேடையிலும் நிலைபெறாமல், நாற்பதை நெருங்கும் வயதில் பழைய பாரிஸைப் படமெடுக்கத் தொடங்கியவர். கனத்த மரக் கருவியையும் 18-க்கு 24 செண்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் சுமந்து நகரெங்கும் நடந்தார். தம்மைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் ஆவணங்கள் விற்றுப் பிழைத்தார். 1920-இல் 2,621 தகடுகளைப் பிரெஞ்சு அரசுக்குப் பத்தாயிரம் பிராங்கிற்கு விற்றார். 1926-இல் புதுமைக் கலைஞர்கள் தம் இதழில் அவர் படத்தை வெளியிட விரும்பியபோது, தம் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறு ஆண்டே மறைந்தார். எஞ்சிய தகடுகளைப் பெரனிஸ் அபட் என்னும் அமெரிக்கப் பெண்மணி வாங்கிக் காப்பாற்றியிராவிடில் அவர் உழைப்பில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

அட்ஜேயின் படங்களில் பெரும்பாலானவை ஆளற்ற தெருக்கள். நகரை நேசித்தவர் மக்களை விட்டுவிட்டாரே என்று குறை கூறுவோர் உண்டு. இக்குறை முழுதும் சரியன்று. தேய்ந்த மாடிப்படியும், கைபட்டுக் கறுத்த கதவுப் பிடியும், கடை வாயிலில் தொங்கும் காலணிகளும் அங்கு வாழ்ந்தோரைக் காட்டாமல் காட்டுகின்றன. மேலும், மக்கள் தோன்றும் படங்களும் அவரிடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெருத் தொழிலாளரை அவர் வரிசையாகப் படமெடுத்தார். கந்தல் பொறுக்குபவரும், விளக்கு மறைப்பு விற்பவரும், கைப்பிடி சுழற்றி இசைப்பெட்டி வாசிக்கும் தாடிக்காரரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். அந்தத் தாடிக்காரரின் அருகில் ஒரு குள்ளமான பெண் வானத்தை நோக்கிப் பாடுகிறாள். அவள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் கண்டவர் எளிதில் மறக்க இயலாது. அக்கருவியின் முன் ஒருவர் பதிய வேண்டுமானால் அவர் அசையாது நிற்கச் சம்மதிக்க வேண்டும். எனவே அவ்வேழையர் எவரும் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்டவர் அல்லர்.

1912 ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. பஸ்தீல் சதுக்கத்தில் கூடிய மக்கள் கண்ணாடிகளை உயர்த்தி வானத்தைப் பார்த்தனர். அட்ஜேயோ வானத்தை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் படமெடுத்தார். வானத்து அதிசயத்தைவிட அதை வியக்கும் மனிதர் முகமே அவருக்குப் பெரிதாகப்பட்டது எனலாம்.

அடுத்த தலைமுறைக்குச் சிறு கருவி கிடைத்தது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா சட்டைக்குள் மறையும் அளவினது. நொடியின் சிறு கூற்றில் படமெடுக்க வல்லது. இனி எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை! இக்கருவியைக் கலையாக்கியவர்களுள் தலையாயவர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் (1908–2004). 1932-இல் சான் லசார் தொடர்வண்டி நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிப் பாயும் ஒருவரை, அவர் குதிகால் நீரைத் தொடுமுன் பிடித்தார். பின்னே சுவரொட்டியில் ஒரு நடனக்காரியும் அவ்வாறே பாய்கிறாள். இத்தகைய இசைவை ஓவியர் எண்ணிச் செய்யலாம். தெருவில் கண்டெடுப்பது அரிது.

1952-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூலின் இரு பெயர்களே ஒரு திறனாய்வு போல அமைந்துவிட்டன. ஆங்கிலப் பதிப்பு 'தீர்மானமான கணம்' என்னும் பொருள்படும் பெயர் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் பேராயராக விளங்கிய கர்தினால் தெ ரெட்சின் வாசகம் ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. பிரெஞ்சுப் பெயரோ, உரிமமின்றித் தெருவில் கடை விரித்து, காவலர் வந்தால் மூட்டை கட்டி ஓடத் தயாராய் இருக்கும் வணிகனை நினைவூட்டுவது. ஒரே செயலுக்குக் கர்தினாலின் பெருமிதமும் உண்டு; ஒளிந்து விற்பவனின் பதற்றமும் உண்டு. இரண்டும் உண்மையே என்பது நம் கருத்து. நீரைத் தாண்டும் மனிதரின் படம் அழகுமிக்கது. ஆனால் அங்கு அவர் ஒரு வடிவமேயன்றி ஆள் அல்லர். அவர் எங்கே விரைந்தார் என்று அப்படம் கேட்பதில்லை. இரு பெரிய திராட்சை இரசப் புட்டிகளை அணைத்துக்கொண்டு, பெருமிதத்தோடு மூஃப்தார் தெருவில் நடந்துவரும் சிறுவனை 1954-இல் அவரே எடுத்தார். முன்னதை வியக்கிறோம், பின்னதை நேசிக்கிறோம். சிறுவனின் முகம் அங்கு அவனுக்கே உரியதாக இருக்கிறது.

மூன்றாமவரான ரொபேர் துவானோ (1912–1994) பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். பாரிஸின் புறநகரில் பிறந்து, அப்புறநகர்த் தொழிலாளரையும் சிறுவரையும் அன்போடு படமெடுத்தவர். 1958-இல் சேன் தெருவிலிருந்த ஒரு மதுக்கடையில் ஓர் இளம்பெண்ணும் நடுவயது ஆடவரும் அருகருகே நிற்கக் கண்டார். அனுமதி கேட்டார், அவர்களும் இசைந்தனர். குவளைகள் முன்னிருக்க, பெண் தலை தாழ்த்தி நிற்கிறாள். ஆடவர் அவளைப் பார்க்கிறார். படம் முதலில் பாரிஸ் மதுக்கடைகளைப் பற்றிய ஓர் இதழில் வெளியாயிற்று. பின்னர் படங்களை விற்கும் நிறுவனத்தின் வழியாக, குடியின் தீமையை எடுத்துரைக்கும் சிறு வெளியீடு ஒன்றில் இடம்பெற்றது. அந்த ஆடவர் ஓவிய ஆசிரியர். தம்மைக் குடிகாரர் என்று எண்ணுவார்களே என்று அவர் வருந்தினார். அதன்பின் அவதூறு பரப்பும் தாள் ஒன்று, பரத்தமை குறித்த செய்தியோடு அதே படத்தை அச்சிட்டது. ஆசிரியர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அத்தாளையும் படம் விற்ற நிறுவனத்தையும் தண்டித்து, துவானோவைக் குற்றமற்ற கலைஞர் என விடுவித்தது. இவ்வழக்கை ழிசேல் பிராயிண்ட் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. கீழே எழுதிய சொற்கள் மட்டுமே மாறின. அவற்றால் ஒரு மனிதர் முதலில் வாடிக்கையாளர், பிறகு குடிகாரர், பிறகு ஒழுக்கங்கெட்டவர் ஆனார். கருவி பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கையின் நிழலில் சொற்கள் எளிதாகப் பொய் சொல்லிவிடுகின்றன. படமெடுக்கச் சம்மதித்த ஆசிரியர் அச்சொற்களுக்குச் சம்மதிக்கவில்லை அன்றோ? நீதிமன்றம் கலைஞரை விடுவித்தது முறையே. ஆயினும் படத்தைக் கைவிட்டுவிட்டால் அது எங்கே போகும் என்னும் பொறுப்பிலிருந்து அவரை நாம் எளிதில் விடுவிக்க இயலவில்லை.

அவருடைய பெரும்புகழ் பெற்ற படம் வேறு. 1950-இல் 'லைஃப்' என்னும் அமெரிக்க இதழுக்காக எடுத்தது. நகராட்சி மாளிகையின் முன், கூட்டத்தின் நடுவே ஓர் இளைஞன் ஒரு பெண்ணை முத்தமிடுகிறான். 1980-களில் சுவரொட்டியாகி உலகெங்கும் பரவியது. அது தற்செயலாகக் கண்ட காட்சி என்றே அனைவரும் நம்பினர். தாங்களே அப்படத்தில் இருப்பவர்கள் என்று ஓர் இணையர் வழக்குத் தொடுத்தபோதுதான், 1990-களின் தொடக்கத்தில், உண்மை வெளிவந்தது. படத்தில் உண்மையில் இருந்தவர்கள் நடிப்புப் பயின்ற மாணவர்கள். துவானோ கேட்டுக்கொண்டதால் முத்தமிட்டவர்கள். படமெடுத்த காலத்தில் அந்நடிகைக்கு அவர் அன்பளிப்பாகத் தந்த பிரதி 2005-இல் 1,55,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று.

ஏமாந்தோம் என்று பலர் சினந்தனர். நாம் அவ்வளவு விரைவில் தீர்ப்பிட விரும்பவில்லை. தெருவில் முத்தமிடுவோரை அவர்களறியாமல் படமெடுக்கத் தமக்குத் துணிவு வந்திராது என்று துவானோ விளக்கினார். பிறர் அந்தரங்கத்தைக் காக்கவே அவர் நடிகரை நாடினார் என்றால், அது கண்ணியத்தின் செயல் அன்றோ? அவ்விருவரும் அக்காலத்தில் உண்மையிலேயே காதலர்களாகவும் இருந்தனர். சுற்றி நடந்துசெல்வோரும் உண்மையான தெரு மக்களே. நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. நடித்த காட்சியை நடித்த காட்சி என்று சொல்லாமல் பல்லாண்டுகள் காத்த மௌனத்தையே நாம் குறை கூறுகிறோம். படம் பொய் அன்று; அதைச் சூழ்ந்த மௌனம் பொய்யாயிற்று. கலையளவிலும் இது அவருடைய சிறந்த படம் அன்று என்போம். 1956-இல் அவர் எடுத்த வகுப்பறைப் படத்தில் பாடத்தை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கும் சிறுவன் இக்காதலரைவிட நமக்கு நெருக்கமானவன்.

நான்காமவர் வில்லி ரோனி (1910–2009). 1952-இல் தன் உயரத்துக்குச் சற்றே குறைந்த நீண்ட ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடும் சிறுவனைப் படமெடுத்தார். ரொட்டிக் கடை வரிசையில் பாட்டியோடு நின்ற அவனைக் கண்டு, பாட்டியிடம் அனுமதி பெற்று, ரொட்டியோடு சில முறை ஓடச் சொல்லி எடுத்த படம் அது. ரோனி இதை மறைக்கவில்லை, தாமே எடுத்துரைத்தார். அனுமதி கேட்டதால் சிறுவனின் சிரிப்பு குறைந்ததா? இல்லை. கேட்கப்பட்டவன் என்பதாலேயே அவன் நம்மை நோக்கி அவ்வளவு உரிமையோடு ஓடிவருகிறான் என்று நமக்குத் தோன்றுகிறது.

1970 ஜூலை 17-ஆம் நாளிட்ட சட்டம் ஒவ்வொருவருக்கும் தம் தனிவாழ்வை மதிக்கப்பெறும் உரிமை உண்டு என்பதைப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தில் எழுதி வைத்தது. தம் உருவத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமையையும் நீதிமன்றங்கள் நிலைநாட்டின. இதனால் தெருவின் முகங்கள் வரலாற்றிலிருந்து மறைந்துவிடும் என்று புகைப்படக் கலைஞர் கவலைப்படுவதுண்டு. கவலையில் நியாயம் உண்டு. எல்லாரும் மறுத்திருந்தால் அந்த இசைப்பெட்டிக்காரரும், வானம் நோக்கிப் பாடிய பெண்ணும் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் மறுக்கவில்லை; கேட்டவருக்குத் தம் முகத்தைக் கொடையாக அளித்தனர். பறிக்கப்பட்ட முகத்துக்கும் அளிக்கப்பட்ட முகத்துக்கும் உள்ள வேறுபாடு படத்திலேயே தெரிகிறது என்பதுதான் இந்நால்வரையும் பார்த்தபின் நாம் கண்ட உண்மை.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் தெருப் புகைப்படக்காரரே. சாலையோரம் உறங்குபவரையும், விபத்தில் வீழ்ந்தவரையும், மழையில் வழுக்கி விழுந்தவரையும் நொடியில் எடுத்து, நமக்குத் தோன்றிய சொற்களைச் சேர்த்து ஊரெங்கும் அனுப்பிவிடுகிறோம். மதுக்கடையில் நின்ற ஓவிய ஆசிரியரின் வருத்தத்தை அன்று உண்டாக்க ஓர் அச்சகம் வேண்டியிருந்தது. இன்று நம் ஒரு விரல் போதும். ஆகவே அடுத்த படத்தை எடுக்குமுன், காலணி துடைத்த அப்பெயரற்ற மனிதரைச் சற்று நினைத்துக்கொள்வோம். அன்று கருவிக்கு ஆற்றல் போதாமையால் அவர் முகம் அழிந்தது. இன்று கருவியில் குறையில்லை. இனி ஒருவருடைய முகம் சிதைந்தால் அக்குறை நம்முடையது.