ரிலா மலையின் வட்ட நடனம்

பல்கேரியாவில் மார்ச் 22 முதல் செப்டம்பர் 22 வரை, விடிந்த சற்று நேரத்தில் திறந்தவெளியில் ஆடப்படும் வட்ட நடனம் பானெவ்ரித்மியா. ஆன்மிக ஆசிரியரான பீட்டர் தெனோவ் (1864–1944) தம் வாழ்நாளின் பிற்பகுதியில் இதற்கு இசையும் அசைவுகளும் அமைத்தார். அடிப்படைப் பயிற்சிகள் 28; சூரியக் கதிர், ஐங்கோணம் என்னும் இரு பகுதிகள் பின்னர் சேர்ந்தன. வயலின் முதலிய கருவிகளை இசைப்போர் நடுவில் இருக்க, மற்றவர்கள் இருவர் இருவராகச் சுற்றி வருவார்கள். இயற்கையோடு ஆற்றலைக் கொடுத்து வாங்குவதே இந்நடனத்தின் பயன் என்றார் தெனோவ்.

இதன் பெரிய பலம் எளிமை. முதல் பயிற்சியில் விரல் நுனிகள் தோளருகே இருக்கும். ஓர் அடிக்குக் கைகள் பக்கவாட்டில் விரியும், மறு அடிக்குத் திரும்பும். முழங்கால் வலியுள்ள முதியவரும் பள்ளிச் சிறுவரும் ஒரே வட்டத்தில் சேர முடிகிறது. மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. எனவே நன்றாக ஆடுகிறோமா என்ற கூச்சத்துக்கு இடமில்லை. கூடமும் தேவையில்லை, சமதரை போதும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் சோபியாவிலிருந்த தெனோவின் இஸ்கிரெவ் குடியிருப்பு இடிக்கப்பட்ட பிறகும் நடனம் பிழைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பயன்களைப் பற்றிய பேச்சில்தான் நிதானம் வேண்டியிருக்கிறது. காலை வெளிச்சம் உடலின் உறக்க ஒழுங்கைச் சீராக்கும். மிதமான நடை மூச்சுக்கும் மூட்டுக்கும் நல்லது. பலரோடு ஒரே தாளத்தில் அசைவது நெருக்கத்தை வளர்க்கும். இவை போதுமான நன்மைகள். ஆற்றல் பரிமாற்றமோ அளந்து பார்க்க வழியில்லாத நம்பிக்கை. அதை மருத்துவப் பலனாகச் சொல்வது நடனத்தின் மதிப்பைக் கூட்டுவதில்லை, குறைக்கவே செய்கிறது.

அதைவிட ஆழமான குறை அமைப்பிலேயே இருக்கிறது. இசையும் அடியும் வரிசையும் முன்பே முடிவானவை. காற்று வலுத்தாலும், பனி புல்லில் நின்றாலும், பறவை குரலெழுப்பினாலும் அடுத்த அசைவு மாறாது. கலிபோர்னியாவில் நடனக் கலைஞர் அன்னா ஹால்ப்ரின் (1920–2021) வேறு வழியில் போனார். டமல்பைஸ் மலையடிவாரத்தில் மரங்களுக்கு இடையே 1950களில் அமைந்த அவருடைய திறந்தவெளி நடன மரத்தளம், அங்கிருந்த மரங்களை வெட்டாமல் அவற்றை ஒட்டி வளைந்து செல்கிறது. ஆடுபவர் ஒளியையும் ஒலியையும் சரிவையும் கவனித்து, அதிலிருந்தே அசைவைத் தேட வேண்டியிருந்தது. இயற்கையைக் கவனிக்கும் பழக்கத்தை அது நேராக வளர்த்தது. ஆனால் முன்பின் ஆடியறியாதவர் அங்கே திகைத்து நின்றிருப்பார். பானெவ்ரித்மியாவில் நடனம் எல்லோருக்கும் கிடைக்கிறது, கவனம் அவரவர் பொறுப்பாகிவிடுகிறது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 19ஐ ஒட்டி பல்கேரியாவின் ரிலா மலையிலுள்ள ஏழு ஏரிகளருகே பானெவ்ரித்மியாவின் பெரும் வட்டங்கள் கூடுகின்றன. ஏரிகள் ஏறக்குறைய 2,100 முதல் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கே மண் மெல்லியது, செடிகள் வளரும் பருவம் குறுகியது. மிதிபட்ட புல்தரை தேற ஆண்டுகள் ஆகும். மலையேற்றும் கம்பிவட நாற்காலிகள் வந்தபின் சுற்றுலாக் கூட்டமும் பெருகியதால், பழியை ஆடுபவர்கள் மேல் மட்டும் சுமத்த முடியாது. ஆனாலும் இயற்கையை மதிப்பதாகச் சொல்லும் வழக்கத்திடம் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயமே. ஆண்டுக்கொருமுறை மலையேறி ஆடும் பெருங்கூட்டத்தைவிட, சோபியாவின் பூங்காக்களில் அரையாண்டு முழுக்கக் காலைதோறும் சுற்றிவரும் சிறு வட்டங்களே தெனோவின் நோக்கத்துக்கு நெருக்கமானவை. தளிர் விடுவதிலிருந்து இலை பழுப்பது வரை ஒரே மரங்களைப் பார்த்துவரும் வாய்ப்பு அவ்வட்டங்களில் ஆடுபவர்களுக்குத்தான் இருக்கிறது.