மீட்பு உவமைகளும் வீடற்றோர் பாடலும்: பொய்கையில் அப்பச்சன் பாடல்களை முன்வைத்து

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, திருவனந்தபுரத்தினின்று நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் அமரவிளை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் வழங்கும் எல்லைப் பகுதி இது. லண்டன் மிஷனின் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் இங்குள்ளது. 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூரில் தொடங்கிய சமயப்பணி, நாஞ்சில் நாட்டினின்று வடக்கே பரவியபோது இவ்வூர்களின் வழியாகவே சென்றது. மலையாளக் கிறித்தவக் கீர்த்தனைகளுக்குச் செவ்வியல் இசைவடிவம் தந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) பிறந்த திருப்புறமும் இவ்வட்டத்ததே. எனவே கிறித்தவப் படிமங்கள் இப்பகுதி மக்களின் செவிக்குப் பாடலாகவே முதலில் எட்டின எனலாம்.

இவ்வட்டாரத்தில், கிறித்தவத்தை ஏற்றுப் பின் அதினின்று வெளியேறிய ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கமொன்றும் வேர்கொண்டது. பொய்கையில் யோகன்னான் (1879–1939) தோற்றுவித்த பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையே அது. மத்தியத் திருவிதாங்கூரின் இரவிபேரூரில் பிறந்த இவர் குமரன் என்னும் இயற்பெயர் நீங்கி யோகன்னான் ஆனவர். மார்த்தோமா சபை, பிரதரன் சபை முதலியவற்றில் உபதேசியாக விளங்கியவர். திருச்சபைக்குள்ளும் சாதி நின்றதைக் கண்டு வெளியேறினார். விவிலியத்தைப் பொதுவில் எரித்தவர் என்றும் கூறப்படுவார். 1921, 1931 ஆகிய ஆண்டுகளில் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகவும் அமர்ந்தார். சபையினர் அவரை அப்பச்சன் என அழைப்பர். அவ்விளியில் தந்தை என்னும் பொருள் உறைவதைப் பின்னர்க் காண்போம்.

விலகிச் சென்றோரை மீண்டும் அழைக்கும் போதகர் எவரும் இயல்பாக நாடும் பகுதி லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரமாகும். காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, கெட்ட குமாரன் என்னும் மூன்று உவமைகள் அங்குத் தொடர்ந்து வருகின்றன. இப்படிமங்களின் முன் இம்மக்கள் எவ்வாறு நின்றனர் என்பதே இங்கு வினா. அவர்கள் மனம் கடினப்பட்டது என்பது சபைசார் விடை. அவர்கள் ஒருபோதும் உண்மையாக மதம் மாறவில்லை என்பது எதிர்த்தரப்பின் விடை. இரண்டும் பாடல்களைப் படியாமலே சொல்லப்படுபவை.

உவமைகளின் கட்டமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். மூன்றிலும் இழந்தவர் உடையவரே. நூறு ஆடுகளை உடையவன் ஒன்றை இழக்கிறான். பத்துக் காசுகளை உடையவள் ஒன்றை இழக்கிறாள். இரு மைந்தரை உடையவன் ஒருவனை இழக்கிறான். எண்ணிப் பார்த்துக் குறைவு கண்டு தேடும் உடைமையாளரின் துயரமும் மகிழ்ச்சியுமே கதையை நடத்துகின்றன. ஆடு தன்னை இழந்ததாக எங்கும் கூறப்படவில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1853, 1855ஆம் ஆண்டு அரச அறிவிப்புகளால்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை மாட்டோடும் நிலத்தோடும் சேர்த்து எண்ணப்பட்டு விற்கப்பட்டவர்களின் பேரர்கள், எண்ணிக்கை நிறைவதால் வரும் மகிழ்ச்சியைக் கேட்கும்போது யார் பக்கம் நின்று கேட்டிருப்பர்? மீட்பு என்னும் சொல்லே விலை கொடுத்துத் திரும்பப் பெறுதலைக் குறிப்பது. விலைப்பொருளாக இருந்தவனுக்கு அச்சொல் இனிக்கவும் கூடும், சுடவும் கூடும்.

கெட்ட குமாரன் உவமை இன்னும் நுட்பமானது. தமிழில் ‘கெடுதல்’ சீரழிதலையும் வழிதப்பிக் காணாமற்போதலையும் ஒருங்கே சுட்டும். மலையாள வழக்கில் அவன் ‘முடியனாய புத்திரன்’, முடித்தவன், அழித்தவன். எல்லைப்புறத்தார் இரு பெயர்களையும் அறிவர். இரண்டிலும் குற்றம் மகனுடையதே. அவனுக்கு ஒரு வீடு இருந்தது. பங்கு கேட்க ஒரு சொத்து இருந்தது. விட்டுச்செல்ல ஒரு தந்தை இருந்தார். உவமையில் அடிமைகளும் உள்ளனர். உயர்ந்த ஆடையையும் மோதிரத்தையும் கொண்டுவருமாறு ஏவப்படுவோர் அவர்களே. அவர்களுக்கு ஆடை அளிக்கப்பட்டதாகக் கதை கூறவில்லை. இது அப்பச்சன் பாடல்களில் வெளிப்படையாக அமைந்த வாதமன்று; அப்பாடல்களைக் கேட்டபின் உவமையை மீளப் படிக்கையில் தோன்றுவது.

அவருடைய பாடல்களில் பல, கூட்டங்களில் உரைகளினிடையே பாடப்பட்டு, நினைவின் வழியாகக் காக்கப்பெற்று, பிற்காலத்தில் அச்சேறியவை. அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளாகும். தந்தை ஓரிடத்துக்கும் தாய் வேறிடத்துக்கும் விற்கப்படுகின்றனர். குழந்தைகள் அநாதைகளாய்க் காட்டில் அலைகின்றனர். இங்கே பிள்ளை வீட்டைவிட்டுப் போகவில்லை. வீடே பிள்ளையைவிட்டுப் பறிக்கப்பட்டது. சொத்தை அழித்தவன் எவனும் இல்லை. பெற்றோரே பிறர் சொத்தாயிருந்தனர். மனந்திரும்புதலுக்கு இவ்வமைப்பில் இடமே இல்லை. குற்றம் செய்யாதவன் எதினின்று திரும்புவான்?

ஆயினும் இப்பாடல்கள் விவிலியத்தைத் துறந்த மொழியில் அமையவில்லை என்பதே வியப்புக்குரியது. இரட்சிப்பு, அடிமைத்தனத்தினின்று விடுதலை, இழந்தோரைத் தேடிவரும் கடவுள் ஆகியவை அனைத்தும் அங்குள்ளன. தம் இனத்தைப்பற்றி நூல்களில் ஓரெழுத்தும் இல்லையே என்னும் அவர்தம் புகழ்பெற்ற ஏக்கமும், எழுதப்பட்ட வேதத்தை மதித்துப் பழகியவனுக்கே தோன்றக்கூடியது. படிமத்தை வைத்துக்கொண்டு அதன் உடையவரை மாற்றிவிடுகிறார் அப்பச்சன். தேடுபவர் மேய்ப்பர் அல்லர். பிள்ளைகளே பெற்றோரைத் தேடுகின்றனர். சபையின் பெயரிலுள்ள ‘பிரத்தியட்சம்’ என்னும் சொல்லும் மறுமையில் அன்றிக் கண்முன் காணும் மீட்பையே கோருகிறது. அடிமைநிலையின் நினைவே இவ்வியக்கத்தின் சமயச் சொல்லாடலுக்கு மையம் என்பதைச் சனல் மோகன் 2015இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அந்நினைவு இசைப்பாடலாக நிகழும்போது விவிலிய உவமைக்கு என்ன நேர்கிறது என்பது இலக்கிய ஆய்வாளர் மேலும் தொடரவேண்டிய பணி.

அழைப்பு ஒரு பக்கத்தினின்று மட்டும் வரவில்லை. ‘தாய்மதம் திரும்புதல்’ என்னும் தொடரும் ஒரு வீட்டுப் படிமமே. தந்தையின் வீட்டுக்கு வா என்கிறது ஒன்று. தாயின் வீட்டுக்கு வா என்கிறது மற்றொன்று. 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவரும்வரை, திருவிதாங்கூர்க் கோயில்களின் வாயில் இம்மக்களுக்கு அடைபட்டிருந்தது. நுழையவியலாதிருந்த வீட்டைத் தாய்வீடு என்றழைப்பதில் உள்ள முரண், கெட்ட குமாரன் உவமையில் உள்ள முரணினும் சிறியதன்று. இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படாமைக்கு 1950ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணையும் 1956, 1990ஆம் ஆண்டுத் திருத்தங்களும் அடிப்படை. ஆகவே ‘எந்த வீடு’ என்னும் வினா உண்மையில் ஏட்டிலும் சான்றிதழிலும் எழுகிறது. இம்மக்களின் சமய முடிவுகளைச் சலுகைக் கணக்காகச் சுருக்கும் திறனாய்வாளர், அப்பச்சன் இவ்வாணைக்குப் பதினோராண்டு முன்னரே மறைந்துவிட்டார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) வழியில் தெய்வ உருவுக்கு மாற்றாகக் கண்ணாடி வைக்கப்பட்டது. வந்தவன் தன்னையே காண்கிறான். லண்டன் மிஷன் பணியாளர் இவ்வியக்கத்தைத் தம் பணிக்குத் தடையாகவே பதிவு செய்தனர். கண்ணாடிக்கும் அநாதைப் பாடலுக்கும் உள்ள உறவை நேர்க்கோடாக வரைதல் அவசரமாகும். சாதி, காலம், மொழி ஆகிய மூன்றும் வேறு. எனினும் பிறர் நீட்டும் படத்தில் தன்னைத் தேடுவதை இரு மரபினரும் ஏற்கவில்லை.

அப்பச்சன் என்னும் விளிக்கு இனி வரலாம். பெற்றோர் விற்கப்பட்ட பிள்ளைகளின் கதையைப் பாடியவரையே சபையினர் தந்தை என்றழைத்தனர்; பின்னர்த் தெய்வமாகவும் போற்றினர். உவமையில் தந்தை முற்றத்தில் நின்று மகன் வருவதைத் தொலைவிலேயே காண்கிறார். இங்கு அத்தந்தையும் பிள்ளைகளோடு காட்டில் அலைந்தவரே. அவருக்குத் திறந்துவிட முற்றமும் இல்லை, கொழுத்த கன்றும் இல்லை.