சில்வண்டின் பல குரல்கள்

ஜப்பானிய மொழி கற்பவருக்கு நாயின் 'வன் வன்', பூனையின் 'ந்யான் ந்யான்' சீக்கிரமே வாய்க்கு வந்துவிடும். அங்கே இரண்டு என்பது 'நி'. பூனையின் 'ந்யான்' போலவே ஒலிக்கும். அதனால் மாதமும் நாளுமாக '2' என்ற எண் மூன்று முறை வரும் பிப்ரவரி 22-ஐ 1987 முதல் பூனை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

என்னைக் கட்டிப்போடுபவை பூச்சிகளின் ஒலிகள்தாம். சில்வண்டு என்று நாம் ஒரே பேரில் முடித்துவிடுவதை அவர்கள் குரல்குரலாகப் பிரித்துக் கேட்கிறார்கள். கொளுத்தும் கோடையில் 'மீன் மீன்' என்று இரைவது ஒரு வகை. பெயரே மின்மின் ஸெமி. கோடை முதிர்ந்து தேயும்போது இன்னொன்று 'த்சுகு த்சுகு போஷி' என்று இழுக்கும். அதன் பெயரும் அதுவே. 'கன கன கன' என்று அந்தியில் ஒலிப்பது ஹிகுராஷி. கேட்டாலே மனம் கனக்கும். இலையுதிர்காலம் வந்தால் ஸுஸுமுஷி என்னும் மணிப்பூச்சியின் 'ரீன் ரீன்'. அந்த ஒலிக்காகவே அதை வீட்டில் வளர்க்கிறார்கள்! அகராதியில் படித்தால் போதாது, பதிவைக் கேட்டுக்கொண்டே உடன் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வசந்தத்தில் உகுயிஸு பறவை 'ஹோ ஹொகெக்யோ' என்று பாடும். ஹொகெக்யோ என்பது பௌத்தர்களின் தாமரை சூத்திரம். பறவை சூத்திரம் ஓதுவதாகக் கேட்ட காது எவ்வளவு பக்குவப்பட்டது!

ஒலிச்சொற்களுக்கும் வயதுண்டு. பழைய கியோகென் நாடகங்களில் நாய் 'பியோ பியோ' என்று குரைக்கிறது.