மென்டரின் முகத்தில் பேசுவது யார்?

'மென்டர்' என்பதை 'வழிகாட்டி' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். சிக்கல் அடுத்த சொல்லில். 'மென்ட்டி'யை என்ன செய்வது? 'வழிகாட்டப்படுபவர்' என்றுதான் சொல்லவேண்டி வருகிறது. செயப்பாட்டுவினை. பி.எட். முடித்து, போட்டித் தேர்வு எழுதி, கலந்தாய்வில் முன்பின் பார்த்திராத ஊருக்கு ஆணை வாங்கிக்கொண்டு வருகிற ஓர் ஆசிரியை, இந்தச் சொல்லுக்குள் நுழைந்த கணமே எதையும் செய்யாதவராக ஆகிவிடுகிறார். இலக்கணம் அப்பாவியல்ல.

'மென்டர்' என்ற சொல்லும் அப்பாவியல்ல. ஹோமரின் ஒடிஸியில் மென்டர் ஒரு கிழவர். ட்ராய் போருக்குப் போகும் ஒடிஸியஸ் தன் வீட்டை அவர் பொறுப்பில் விட்டுச் செல்கிறான். ஆனால் நிஜமான மென்டர் சபையில் ஒருமுறை எழுந்து பேசுவதோடு சரி. அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மகன் டெலிமாக்கஸுக்குத் தைரியம் சொல்வதும் கப்பலில் துணைபோவதும் மென்டரின் உருவத்தில் வருகிற அதீனா தெய்வம். 1699இல் பிரெஞ்சில் ஃபெனலோன் இந்தக் கதையை விரித்தெழுதினார்; மென்டர் பொதுச்சொல்லாகப் பரவியது அதன் பிறகுதான். அங்கேயும் மென்டருக்குள் ஒளிந்திருப்பது தெய்வமே. தெரிந்த பெரியவரின் முகம், பேசுவதோ மேலிருந்து இறங்கிய வேறொன்று – சொல்லின் பிறப்பிலேயே இந்த முகமூடி இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வழிகாட்டலுக்கென ஒரு தேசிய இயக்கத்தை முன்மொழிந்தது. ஆவணத்தில் அது கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்காகச் சொல்லப்பட்டது. பிறகு பள்ளிக்கு இறங்கி, 2022 ஜூலை 29 அன்று 30 மத்தியப் பள்ளிகளில் இணையம் வழியாக முன்னோட்டம் தொடங்கியது. அனுபவஸ்தரும் புதியவரும் திரையில் சந்திப்பார்கள். அதே கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆக, பேச்சுக்கு மணிக்கணக்கு வந்துவிட்டது. (பெயர்களையும் பாருங்கள். 2017இல் வந்த தளம் 'தீக்‌ஷா', 2019இல் வந்த பயிற்சி 'நிஷ்டா'. தீட்சை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிஷ்டைக்கோ நம் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. காணொலியை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.)

புதிதாக வந்தவர் மூத்தவரிடம் உண்மையில் கேட்பது என்ன? கற்றல் விளைவுகள் பற்றியா? "சார், எட்டாங் கிளாஸ் பசங்க நான் உள்ள போனாலே கத்துறாங்க. நேத்து ஒருத்தன அடிச்சிட்டேன். ராத்திரி தூக்கமே இல்ல." இது கேள்விகூட இல்லை, ஒப்புதல். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே மூத்தவர் சொல்கிறார்: "நானும் மொத வருஷம் அடிச்சவன்தான் தம்பி. அவங்கப்பா வந்து ஒண்ணும் பேசாம நின்னாரு பாரு, அன்னையோட விட்டேன்." இங்கே வழிகாட்டல் எதுவும் நடக்கவில்லை. ஒரு தோல்விக்கு மாற்றாக இன்னொரு தோல்வி கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் வகுப்புக்குப் போகும் கை வேறு கை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதைத் தடைசெய்கிறது. சரியான சட்டம், எனக்கு அதில் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அடித்தவர் அடிக்காதவராக மாறுவது எப்படி? யாரிடமாவது சொல்லித்தானே? பதிவாகும் திரையில் அதே வாக்கியம் சாட்சியமாகிறது. அதனால் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை. 'வகுப்பறை மேலாண்மையில் சில சவால்கள்' என்று சொல்வார்கள். மென்டரும் அந்த மொழியிலேயே பதில் சொல்வார், அவரையும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா. இருவரும் துறையின் சொல்லாடலையே ஒருவருக்கொருவர் ஒப்பித்துவிட்டு வெளியேறுவார்கள். அடிபட்ட பையன் அந்த உரையாடலில் இருக்கவே மாட்டான்.

தங்களுக்குள் கொடுத்து வாங்கும் அறிவை அதிகாரம் எடுத்து எந்திரமாக்கியதற்குச் சென்னையிலேயே முன்கதை உண்டு. 1789 முதல் எழும்பூர் ஆண் அநாதைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது வளர்ந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான். 1797இல் லண்டனில் நூலாக வெளிவந்து, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் பழக்கும் முறையாக அங்கே பரவியது. ஃபூக்கோ 1975இல் இத்தகைய பள்ளியைக் கற்பிக்கும் எந்திரமாகவும், ஒவ்வொருவரும் மற்றவரைக் கண்காணிக்கும் எந்திரமாகவும் வாசித்துக் காட்டினார். சட்டாம்பிள்ளை சொல்லித்தந்தான், பெயரும் எழுதிக்கொடுத்தான். இரண்டும் ஒரே வேலை.

இதற்காக ஆசிரியர் அறையைப் புனிதப்படுத்த நான் தயாரில்லை. ஈராசிரியர் பள்ளியில் மூத்தவர் என்றால் தலைமையாசிரியர் ஒருவர்தான். அவர் முதல் நாள் கேட்கும் கேள்வி, "சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?" பதிலைப் பொறுத்துத் தண்ணீர்க் குடத்தின் இடம் மாறுகிறது. தலித் ஆசிரியைக்கு அங்கே வேம்படி நிழலும் இல்லை, அனுபவப் பகிர்வும் இல்லை. அவருக்கு இருநூறு மைல் தள்ளியிருக்கும் ஒரு குரல், தெருவைக் கேட்காத குரல், விடுதலையாகவே இருக்க முடியும். ஆகவே நேரடியா, இணையமா என்பது போலிக் கேள்வி. எதிரில் இருப்பவரைத் தேர்ந்தது யார்? பேசியது முடிந்த பிறகு எங்கே தங்குகிறது? இவற்றுக்கு அந்தத் திட்டங்களின் மொழியில் இடமே இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, இரவு பத்து மணிக்கு மேல் வேறு மாவட்டத்து மூத்த ஆசிரியை ஒருவருக்குக் குரல் செய்தி அனுப்புவார். எந்தத் தளமும் சேர்த்துவைத்த ஜோடியல்ல. பயிற்சி முகாமொன்றில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் தவறாமல் ஒரு வரி வரும்: "கேட்டுட்டு அழிச்சிடுங்கக்கா." அவர் கேட்பார், அழிப்பார், தன் கதை ஒன்றைச் சொல்லி அனுப்புவார். இவரும் அதை அழித்துவிடுவார்.