தொட்டில் போதுமா?

ஆட்டையாம்பட்டி என்றதும் கைமுறுக்கு நினைவுக்கு வரும். அதை இழை இழையாகச் சுற்றுவது பெண்களின் கைத்திறன். அந்தக் கை ஊருக்குப் பெயரும் வீட்டுக்குச் சோறும் தருகிறது. ஆயினும், பெண் பிறந்தால் பாரம் என்ற பேச்சு சேலத்துச் சீமையை விட்டு எளிதில் அகலவில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. மற்றவர் எங்கே?

1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கிற்று. கொல்லாதீர், எம்மிடம் கொடுங்கள் என்றது அது. உயிர் காக்கும் முயற்சியை நாம் இகழோம். ஆனால் தொட்டில் குழந்தையை ஏந்திற்றே தவிர, ஊரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரவில் குழந்தையை விட்டுவிட்டு வரலாம். விடிந்ததும் வரதட்சணைப் பேரம் பேசலாம்!

கேட்டது கலை. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்தில், 1990களின் இறுதியில், பெண்சிசுக் கொலையை எதிர்த்துக் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வீதி நாடகம் நடத்தின. இருட்டறையில் கள்ளிப்பால் முடித்த கதை, ஊர்ப் பொதுவிடத்தில் பேச்சாயிற்று. ஊரே கூடிப் பார்த்தபின், 'எனக்குத் தெரியாது' என்று எவர் சொல்ல முடியும்? தொட்டிலால் ஆகாத வேலை அன்றோ அது!

அதனால் இவ்வகை நாடகம் யாவும் நன்று என்போமா? மாட்டோம். தாயை மட்டும் கொலைகாரியாக்கிக் கூண்டில் ஏற்றும் நாடகத்தை நாம் ஏற்பதற்கில்லை. சீர் கேட்ட சம்பந்தி, சொத்துக்கு மகன் தேடும் தகப்பன், கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டுமென்ற சாத்திரம் ஆகிய மூவரையும் தப்பவிட்டு, பச்சை உடம்புக்காரியின் மேல் பழிபோடுவது சீர்திருத்தம் ஆகாது. முடிவில் அதிகாரி வேடம் வந்து திட்டப் பயன்களை ஒப்பிப்பதும் குறையே. அது அறிவிப்பு, நாடகம் அன்று.

காலமும் மாறிற்று. கருவிலேயே பாலறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; கொடுமை கள்ளிச் செடியிலிருந்து ஸ்கேன் அறைக்குக் குடிபெயர்ந்ததே காரணம். இன்றும் கள்ளிப்பாலை மட்டும் காட்டும் நாடகத்தைப் பார்ப்பவன், 'அது பாட்டி காலத்துக் கதை' என்று நிம்மதியாக எழுந்து போவான். 2011இல் சேலத்தின் எண் 900ஐத் தாண்டியது. மகிழ்வோம், ஆனால் ஆயிரம் இன்னும் தொலைவில்தான்.

தோழர்களே! நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். மன்னனைக் கேலி செய்யவும் மக்களிடம் வினவவும் உரிமை பெற்றவன் அவன். இந்தச் சமவெளியின் ஊர்தோறும் அவனை மேடையேற்றுங்கள். அறிவுரை வேண்டாம், அவன் ஒன்று மட்டும் கேட்கட்டும்: "முறுக்குச் சுற்றும் கை பாரம் என்றால், தின்னும் வாய்க்கு என்னய்யா பெயர்?"